கைம்மடலும் காவல் அறமும்

மடல் என்பது இருவர்க்கிடையே நிகழும் உரையாடல். எழுதுபவர் ஒருவர், படிப்பவர் ஒருவர். மூன்றாமவர்க்கு அங்கே இடமில்லை. ஆயினும், எழுதியவர் பெரும்புகழ் எய்தி மறைந்த பின்னர், அம்மூன்றாமவர் எங்கிருந்தோ வந்து சேர்கிறார். அவரே சேகரிப்பாளர். மடல் அவர்க்கு எழுதப்பட்டதன்று. எழுதியவரை அவர் பெரும்பாலும் கண்டதுமில்லை. இருந்தும் பெரும்பொருள் கொடுத்து அதனை வாங்குகிறார். பேழையில் வைத்துப் பூட்டுகிறார். நண்பர்கட்குக் காட்டி மகிழ்கிறார். புகழ்பெற்ற அறிவியலறிஞர்களின் கைம்மடல்களைத் தேடித் தொகுக்கும் இவ்வழக்கம் அறிவைப் போற்றும் செயலா? அன்றி, அறிஞரையே உடைமையாக்கிக் கொள்ள விழையும் ஆசையா? மேலோட்டமாகக் காண்பார்க்கு இஃது ஒரு பொழுதுபோக்கைப் பற்றிய வினாவாகத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்கினால், பிறருடைய சொல்லைக் கையில் வைத்திருப்பவர்க்கு உரிய அறம் யாது என்னும் பெருவினா இதனுள் அடங்கியிருப்பது புலப்படும்.

தந்தை மகனுக்கு எழுதியது

1953ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19ஆம் நாள், இங்கிலாந்து நாட்டின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து பிரான்சிஸ் கிரிக் என்னும் அறிவியலறிஞர் தம் மகன் மைக்கேலுக்கு ஏழு பக்க மடலொன்று எழுதினார். மகனுக்கு அப்பொழுது அகவை 12. விடுதிப் பள்ளியில் தங்கிப் பயின்றுவந்தான். தாமும் ஜேம்ஸ் வாட்சனும் மிக இன்றியமையாத ஒன்றைக் கண்டறிந்துவிட்டதாகத் தந்தை அம்மடலில் தெரிவித்தார். உயிர்களின் மரபுப் பண்புகளைத் தாங்கிச் செல்லும் டி.என்.ஏ. மூலக்கூறின் வடிவமே அக்கண்டுபிடிப்பு. இரட்டைச் சுருளைப் படமாக வரைந்து காட்டினார். ஒன்றிலிருந்து மற்றொன்று படியெடுக்கப்படும் முறையை எளிய சொற்களால் விளக்கினார். கருத்தூன்றிப் படித்து விளங்கிக்கொள்ளுமாறு மகனைக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வரும்பொழுது மாதிரியுருவைக் காட்டுவதாகவும் எழுதினார். அக்கண்டுபிடிப்பு 'நேச்சர்' இதழில் ஏப்ரல் 25ஆம் நாள்தான் வெளியாயிற்று. உலகம் அறிவதற்கு ஐந்து வாரங்கட்கு முன்னரே பள்ளிச் சிறுவன் ஒருவன் அதனைத் தந்தையின் கையெழுத்தில் படித்துவிட்டான்.

அறுபது ஆண்டுகள் சென்றன. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் நியூயார்க் நகரில் அம்மடல் ஏலத்துக்கு வந்தது. ஏல நிறுவனத்தின் கட்டணமும் சேர்ந்து 60 இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் விலை போயிற்று. வருவாயில் ஒரு பாதி, கிரிக் தம் பிற்காலத்தில் பணியாற்றிய சால்க் ஆய்வுக் கழகத்துக்கு வழங்கப்பட்டது.

இங்கே ஒரு வினா எழுகின்றது. அம்மடலில் அடங்கிய அறிவியல் இன்று மேனிலைப் பள்ளிப் பாடநூலிலேயே உள்ளது; எவரும் அதனைச் சில காசுகளுக்குப் பெறலாம். அங்ஙனமாயின், 60 இலட்சம் டாலர் கொடுத்தவர் வாங்கியது யாது? அறிவை வாங்கவில்லை, அஃது ஏற்கனவே அனைவர்க்கும் உரியதாயிற்று. தந்தையின் அன்பையும் வாங்கவில்லை. அது மகனுக்கே உரியது. அவ்வறிஞரின் கை பட்ட தாளுக்கு அருகில் இருக்கும் பேற்றையே அவர் வாங்கினார். இதனை வெறும் மயக்கம் என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால், பெற்றோர் மறைந்த பின்னர் அவர்தம் பழைய மடலொன்றை எடுத்துப் பார்த்துக் கண் கலங்காதவர் யார்? அச்செழுத்தில் காணவியலாத ஒன்றைக் கையெழுத்தில் காண்பது மாந்தர் இயல்பு. ஆதலின், விருப்பம் பிழையன்று. அவ்விருப்பம் எங்கே இட்டுச் செல்கிறது என்பதே ஆராயத்தக்கது.

போற்றுதலும் மயங்குதலும்

பிரெஞ்சு நாட்டுக் கணித மேதை மிஷேல் ஷால் (1793-1880) வரலாறு இதற்கு நல்லதோர் எச்சரிக்கை. வடிவியலில் அவர் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. அத்தகைய கூரிய அறிவினர், 1860களில் வ்ரேன்-லூக்கா என்பவனிடமிருந்து பழைய மடல்களைத் தொடர்ந்து வாங்கிவந்தார். எண்ணிக்கை 27,000க்கும் மேல். கொடுத்த தொகை ஏறத்தாழ 1,40,000 பிராங்கு. அவற்றுள் சில, ஈர்ப்பு விசையின் விதியை நியூட்டனுக்கு முன்னரே தம் நாட்டவரான பாஸ்கல் கண்டறிந்தார் எனக் காட்டின. 1867ஆம் ஆண்டு ஷால் அவற்றைப் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் முன் வைத்தார்.

ஐயங்கள் உடனே எழுந்தன. பாஸ்கல் 1662இல் மறைந்தார். அப்பொழுது நியூட்டனுக்கு அகவை இருபதுகூட நிறையவில்லை. பாஸ்கல் அறிவியல் மடல்கள் எழுதியதாகக் கூறப்படும் காலத்திலோ நியூட்டன் சிறு பையன். மற்றொரு மடலில் கலிலியோ தம் கண்பார்வை மங்கி வருவதாக எழுதுகிறார். மடலின் ஆண்டோ அவர் முற்றிலும் பார்வையிழந்ததற்குப் பிற்பட்டது. ஒவ்வோர் ஐயம் எழுந்தபொழுதும் அதனைத் தீர்க்கும் புதிய மடலொன்றை லூக்கா கொண்டுவந்து கொடுத்தான். இறுதியில் அனைத்தும் போலியென வெளிப்பட்டன. 1870இல் அவனுக்கு ஈராண்டுச் சிறையும் 500 பிராங்கு தண்டமும் விதிக்கப்பட்டன. ஷால் வாங்கிய மடல்களுள் கிளியோபாத்ரா சீசருக்கு எழுதியதும், மகதலேனா மரியாள் எழுதியதும் இருந்தன என்பதும், எல்லாம் பிரெஞ்சு மொழியிலேயே தாளில் எழுதப்பட்டிருந்தன என்பதும் அப்பொழுது ஊரறிய வெளிவந்தன.

ஷால் அறிவிலி அல்லர். ஒரு கணிதத் தேற்றத்தை மெய்ப்பிக்காமல் அவர் ஏற்றிருப்பாரா? ஏற்றிருக்க மாட்டார். பின் ஏன் ஏமாந்தார்? தம் நாட்டின் பெருமை உயர வேண்டும் என்னும் விருப்பம் அவர் நெஞ்சில் முன்னரே குடியிருந்தது. அவ்விருப்பத்துக்கு ஏற்ற சான்று கையில் கிடைத்ததும், சான்றை ஆராய வேண்டிய அறிவு சான்றைக் காக்கும் வேலையில் இறங்கிவிட்டது. எவன் எதனை நம்ப விரும்புகிறானோ, அதனை விற்பவன் அவன் வாயிலுக்கு வந்து நிற்பான். இவ்வுண்மை மடல் சேகரிப்போர்க்கு மட்டும் உரியதன்று. தம் மொழியையும் இனத்தையும் நேசிப்பவர் எவரும் நெஞ்சில் நிறுத்த வேண்டியது. அன்பு மிகுந்த இடத்திலேதான் ஆராய்ச்சியும் மிகுதியாக வேண்டப்படுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு செயலையும் குறிப்பிடல் தகும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக நூலகம், கலிலியோவின் கைப்படி ஒன்றை 1938 முதல் தன் பெருஞ்செல்வமாகப் போற்றிவந்தது. வெனிசு நாட்டுத் தலைவருக்குத் தொலைநோக்கியைப் பற்றி எழுதிய மடலின் வரைவும், வியாழன் கோளின் நிலாக்களைப் பற்றிய குறிப்புகளும் ஒரே தாளில் இருந்தன. நிக் வில்டிங் என்னும் வரலாற்றறிஞர் ஐயுற்று வினவினார். தாளின் நீர்க்குறி, அது கலிலியோ மறைந்து நூறாண்டுகட்கும் மேலான பின்னர்ச் செய்யப்பட்டது எனக் காட்டிக்கொடுத்தது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தன்னிடமுள்ளது போலியே என அந்நூலகம் தானே உலகுக்கு அறிவித்தது. பெருஞ்செல்வத்தை இழந்தது, அதனினும் பெரிதான நம்பகத்தைக் காத்துக்கொண்டது.

மூலப்படி எதற்கு?

போலிகள் இத்துணை எளிதில் ஏமாற்றுமெனின், மடலின் சொற்களை நூலாக அச்சிட்டு வைத்துக்கொண்டு, பழைய தாள்களை மறந்துவிடலாமே எனச் சிலர் வாதிடலாம். அவ்வாதம் பொருந்தாது. தாளில் சொற்கள் மட்டும் இருப்பதில்லை. சொற்கள் பிறந்த வழியும் இருக்கிறது.

கலிலியோ 1613ஆம் ஆண்டு திசம்பர் 21ஆம் நாள் தம் நண்பர் காஸ்தெல்லிக்கு எழுதிய மடல் புகழ்பெற்றது. இயற்கையைப் பற்றிய வினாக்களுக்கு மறைநூலின் நேர்ப்பொருளைச் சான்றாகக் கொள்ளலாகாது என்பது அதன் சாரம். அதன் படியொன்று 1615இல் உரோமாபுரியின் சமய விசாரணை மன்றத்துக்கு அனுப்பப்பட்டது. உடனே கலிலியோ, அங்குச் சென்ற படி திருத்தப்பட்டிருக்கலாம் எனக் கூறி, மென்மையான சொற்கள் கொண்ட மற்றொரு படியைத் தம் நண்பர் வழியாக அனுப்பினார். இரண்டனுள் எது மெய்யானது? நானூறு ஆண்டுகள் இவ்வினாவுக்கு உறுதியான விடையில்லை. 2018ஆம் ஆண்டு, சல்வத்தோரே ரிச்சார்தோ என்னும் இத்தாலிய ஆய்வாளர் இலண்டன் அரச கழகத்தின் நூலகத்தில் மூல மடலைக் கண்டெடுத்தார். நூலகப் பட்டியலில் நாள் தவறாகப் பதிவாகியிருந்தமையால் அது எவர் கண்ணிலும் படாதிருந்தது. வன்மையான சொற்களே முதலில் எழுதப்பட்டிருந்தன. கலிலியோவே தம் கையால் அவற்றை அடித்து, மென்மையாக மாற்றியிருந்தார்.

அச்சுநூல் இதனை ஒருநாளும் சொல்லியிராது. அடித்தலும் திருத்தலும் உள்ள அத்தாள், அஞ்சாநெஞ்சர் எனப் போற்றப்படும் ஒருவர் அஞ்சிய நொடியைக் காட்டுகிறது. அதனால் அவர் சிறுத்துவிட்டாரா? இல்லை. அச்சம் அறியாத சிலையாக நின்றவர், அச்சத்தோடும் உண்மையை எழுதிய மனிதராக நம் முன் வந்து நிற்கிறார். மாணவர்க்குச் சிலையைவிட மனிதரே பயன்படுவார்.

மற்றொரு சான்று இவ்வட்டாரத்தோடு தொடர்புடையது. ஆல்பிரட் ரசல் வாலஸ் 1854இல் சிங்கப்பூர் வந்திறங்கி, எட்டாண்டுகள் மலாய்த் தீவுக் கூட்டத்தில் உயிரினங்களைத் தேடித் திரிந்தார். 1858ஆம் ஆண்டு தெர்னாத்தே தீவிலிருந்து, இயற்கைத் தேர்வால் உயிரினங்கள் மாறுபடுகின்றன என்னும் தம் கருத்தைக் கட்டுரையாக்கி, ஒரு மடலோடு சார்லஸ் டார்வினுக்கு அனுப்பினார். டார்வினும் பல்லாண்டுகளாக அதே கருத்தை ஆராய்ந்துவந்தவர். வாலஸின் மடல் 1858ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் தமக்குக் கிடைத்ததாக அவர் தெரிவித்தார். இருவர் எழுத்துகளும் ஜூலைத் திங்கள் முதல் நாள் இலண்டன் லின்னேயன் கழகத்தில் ஒருங்கே படிக்கப்பட்டன.

வாலஸின் அம்மடல் இன்று இல்லை. டார்வின் அக்காலத்தில் தமக்கு வந்த மடல்களைச் சில ஆண்டுகள் வைத்திருந்து பின் எரித்துவிடும் வழக்கமுடையவர். மடல் இல்லாத இடத்தில் ஐயம் முளைத்தது. வாலஸ் அதே தீவிலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள நண்பர் ஒருவருக்கு எழுதிய வேறொரு மடலின் உறை மட்டும் தப்பியிருந்தது. அதன்மேல் சிங்கப்பூர் அஞ்சல் முத்திரையும், 1858 ஜூன் 3ஆம் நாளைக் காட்டும் இலண்டன் முத்திரையும் பதிந்திருந்தன. டார்வினுக்கு எழுதிய மடலும் அதே கப்பலில் வந்திருப்பின், அவர் அதனை இரு வாரம் மறைத்து வைத்து அதிலிருந்து கருத்தைத் திருடியிருக்க வேண்டும் என்று சிலர் குற்றஞ்சாட்டினர். 2012இல் சிங்கப்பூரில் பணியாற்றிய வரலாற்றறிஞர் ஜான் வான் வைஹேயும், கீஸ் ரூக்மாக்கரும் அக்காலக் கப்பல், அஞ்சல் கால அட்டவணைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். டார்வின் தமக்கு எழுதிய மடலைப் பெற்ற பின்னரே வாலஸ் அவருக்கு மறுமொழி விடுத்தார். அம்மறுமொழி அடுத்த கப்பலில்தான் புறப்பட்டிருக்க முடியும். அது ஜூன் 18ஆம் நாளே சென்று சேரும் என அவர்கள் முடிவு கூறினர்.

ஒரு மடல் எரிந்ததால், நேர்மையானவர் எனப் பெயர் பெற்ற ஒருவர் மறைந்து நூறாண்டுகள் கடந்தும் திருடர் என்ற பழிக்கு ஆளாக நேர்ந்தது. ஓர் உறையின்மேல் பதிந்த முத்திரை, அவ்வழக்கின் சான்றாயிற்று. அஞ்சல் தலைக்காக உறையை வெட்டியெடுத்து எஞ்சியதைக் குப்பையில் எறியும் சிறுவர்களும், மடலை மட்டும் வைத்துக்கொண்டு உறையை எறியும் பெரியவர்களும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

அழிவினின்று காத்தவர்

இதுகாறும் கூறியவற்றால் சேகரிப்பாளர் பெறும் நன்மையினும் உலகம் பெறும் நன்மை சிறிதன்று என்பது தெளிவாகும். விலை மதிப்பு இல்லாத தாள் அடுப்புக்குச் செல்கிறது. விலை மதிப்புள்ள தாள் பேழைக்குச் செல்கிறது. சந்தையைப் பழிப்பவர் இதனையும் சீர்தூக்க வேண்டும். ஐன்ஸ்டைன் 1905இல் எழுதிய சார்பியல் கட்டுரையின் கைப்படியை அச்சான பின்னர் அவரே எறிந்துவிட்டார். இரண்டாம் உலகப்போரின்பொழுது போர்க்கடன் பத்திரங்கட்கு உதவும் பொருட்டு, உதவியாளர் படிக்கப் படிக்கக் கேட்டு, அதே கட்டுரையை அவர் மீண்டும் தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். 1944இல் அது 65 இலட்சம் டாலர் பெறுமான பத்திரங்களைத் திரட்டித் தந்து, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தை அடைந்தது.

தமிழகம் ஈன்ற கணித மேதை சீனிவாச இராமானுசன் வரலாறு இன்னும் நெஞ்சைத் தொடுவது. 1913ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த அவர், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களைப் பட்டியலிட்டு மடல் எழுதினார். முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து வந்த அம்மடலை ஹார்டி பொருட்படுத்தாது விட்டிருந்தால் என்னாகியிருக்கும்? அவர் பொருட்படுத்தினார், படித்தார், நண்பர் லிட்டில்வுட்டோடு அமர்ந்து ஆராய்ந்தார். அவ்வொரு மடல் ஒரு வாழ்வையே மாற்றிற்று. இராமானுசன் 1920ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், நோயுற்ற நிலையில், தம் புதிய சார்புகளைப் பற்றி ஹார்டிக்கு இறுதி மடல் எழுதினார். ஏப்ரல் 26ஆம் நாள், 32ஆம் அகவையில் மறைந்தார்.

அவ்விறுதி ஆண்டில் எழுதிய கணிதத் தாள்கள் சென்னையிலிருந்து இங்கிலாந்து சென்று, பேராசிரியர் வாட்சன் என்பவர் கைக்கு வந்து சேர்ந்தன. 1965இல் வாட்சன் மறைந்தார். அவர்தம் வீட்டுக்குச் சென்ற விட்டேக்கர் என்னும் கணித அறிஞர் கண்டது, அறையின் தளம் முழுதும் ஓரடி உயரத்துக்குக் குவிந்துகிடந்த தாள்களை. இன்னும் சில நாள்களில் அவை எரிக்கப்படவிருந்தன. அக்குவியலில் கைவிட்டுத் துழாவியதில் இராமானுசனின் தாள்கள் அகப்பட்டன. ரேங்கின் என்னும் அறிஞர் 1968இல் அவற்றைக் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்கு அனுப்பிவைத்தார். 1976இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் ஒரு பெட்டியுள் அவற்றைக் கண்டபொழுதுதான் அவற்றின் அருமை உலகுக்குத் தெரிந்தது. 1987இல் அவை நிழற்படியாக நூலுருப் பெற்றன. 'தொலைந்த குறிப்பேடு' எனப்படுவது அதுவே. நூலகத்திலும் அது எட்டாண்டுகள் எவரும் அறியாமல் இருந்தது என்பதை மறக்கலாகாது. எரியாமல் காப்பது பாதிக் கடமை. இருப்பதை அறிந்து படிப்பது மறுபாதி.

உடைமையும் உரிமையும்

காத்தவர்க்கே உரியது எனலாமா? மடல் யாருடையது என்னும் வினாவுக்கு ஆங்கிலேயச் சட்டம் 1741ஆம் ஆண்டிலேயே ஒரு விடை கண்டது. கவிஞர் அலெக்சாண்டர் போப், தம் மடல்களை இசைவின்றி அச்சிட்ட கர்ல் என்னும் நூல் விற்பனையாளர்மீது வழக்குத் தொடுத்தார். தாள் பெற்றவருக்கு உரியது. சொற்களை வெளியிடும் உரிமை எழுதியவருக்கு உரியது எனத் தீர்ப்பாயிற்று. ஒரே பொருளுக்கு இருவகை உரிமை! மடலை விலைக்கு வாங்குபவர் தாளை மட்டுமே வாங்குகிறார். அதனுள் இருக்கும் உள்ளத்தை எவரும் விற்க இயலாது. எவரும் வாங்கவும் இயலாது.

தாளின் உரிமையேகூட எப்பொழுதும் தூயதன்று. குலியெல்மோ லிப்ரி (1803-1869) என்னும் இத்தாலியர் கணிதப் பேராசிரியர். கணித வரலாறு எழுதியவர். பிரெஞ்சு நூலகங்களின் கைப்படிகளைப் பட்டியலிடும் பொறுப்பு 1841இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. காக்க வைத்தவரே களவாடினார். 1848இல் பெட்டி பெட்டியாக நூல்களோடு இங்கிலாந்துக்குத் தப்பியோடினார். 1850இல், அவர் இல்லாமலே நடந்த வழக்கில் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவர் கவர்ந்தவற்றுள் தத்துவமேதையும் கணித அறிஞருமான டேக்கார்ட்டின் மடல்களும் அடங்கும். லிப்ரிக்கு அவற்றின் பெருமை தெரியாமல் இல்லை, நன்றாகத் தெரிந்திருந்தது. அறிவு அறத்தை உடன்கொண்டு வருவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அம்மடல்களுள் ஒன்று, டேக்கார்ட் 1641ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் மெர்சேனுக்கு எழுதியது, கைமாறிக் கைமாறி அமெரிக்கா சென்றது. ஒரு சேகரிப்பாளரின் துணைவியார் 1902இல் அதனைப் பென்சில்வேனியாவிலுள்ள ஹேவர்போர்ட் கல்லூரிக்கு நன்கொடையாக அளித்தார். அக்கல்லூரிக்கு அது களவுப் பொருள் என்பது தெரியாது. 2010இல், எரிக்-யான் போஸ் என்னும் டச்சு ஆய்வாளர் இணையத்தில் தேடியபொழுது அதனை அறிந்துகொண்டார். உண்மை தெரிந்ததும் கல்லூரி வழக்காடவில்லை, விலை பேசவில்லை. உரிய இடமான பிரெஞ்சு அறிவுக் கழகத்துக்கே மடலைத் திருப்பியளிக்க முன்வந்தது. நூறாண்டுக்கு மேல் கையிலிருந்த ஒன்றை, தன்மேல் குற்றமில்லாதிருந்தும், உரியவர்க்குக் கொடுத்துவிடுதல் எளிய செயலன்று.

மறைவான சொற்கள்

இனி, எல்லாவற்றினும் கடினமான இடம். கணிதமும் கண்டுபிடிப்பும் உலகுக்கு உரியவை என்பதில் ஐயமில்லை. ஆனால், அறிஞரும் கணவர், தந்தை, மகன் என வாழ்ந்தவரே. அவர்தம் உள்ளத்தின் மறைவான சொற்களும் உலகுக்கு உரியவையா?

ஐன்ஸ்டைனும் மிலேவா மாரிச்சும் மணத்துக்கு முன்னர் எழுதிக்கொண்ட மடல்கள் 1987இல் அச்சேறின. அவற்றால்தான், அவ்விருவர்க்கும் 1902இல் மகளொருத்தி பிறந்தாள் என்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. அக்குழந்தை பின்னர் என்னவாயிற்று என்பது உறுதியாகத் தெரியவில்லை. பெற்றோர் இருவரும் தம் வாழ்நாள் முழுதும் வெளியிடாத செய்தி அது. 1996இல் அம்மடல்கள் நியூயார்க்கில் ஏலத்தில் விற்கப்பட்டன. இயற்பியலறிஞர் ரிச்சர்டு பைன்மன், மறைந்த தம் மனைவி ஆர்லீனுக்கு, அவர் மறைந்த ஓராண்டுக்குப் பின், 1946இல் ஒரு மடல் எழுதினார். அவருடைய புதிய முகவரி தெரியாமையால் அனுப்பவில்லை என அதன் இறுதியில் குறித்திருந்தார். 2005இல் அவர்தம் மகள் தொகுத்து வெளியிட்ட நூலில் அம்மடலும் இடம்பெற்றது.

இவற்றைப் படித்தல் தகுமா? தகாது என்பார் கூற்றில் வலிமையுண்டு. இறந்தவர் எழுந்து வந்து 'படியாதே' எனச் சொல்ல இயலாது. சொல்ல இயலாதவரின் அமைதியை இசைவாகக் கொள்ளுதல் நேர்மையன்று. தகும் என்பார் கூற்றிலும் வலிமையுண்டு. அம்மடல்கள் இல்லையெனின் ஒரு குழந்தை பிறந்த செய்தியே உலகின் நினைவிலிருந்து துடைக்கப்பட்டிருக்கும். பெற்றோரின் மறைவுரிமையைப் பேசும்பொழுது, அக்குழந்தைக்கும் ஓர் உரிமை உண்டு என்பதை மறக்கலாமா?

இவ்வினாவுக்கு எல்லா மடலுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஆயினும், படிப்பவரின் நோக்கத்தில் வேறுபாடு உண்டு. ஒரு மனிதரை விளங்கிக்கொள்வதற்காகப் படிப்பது ஒன்று. அவர்தம் குறையைக் கண்டு சுவைப்பதற்காகப் படிப்பது மற்றொன்று. எழுத்து ஒன்றே, படிக்கும் நெஞ்சு வேறு. பைன்மனின் மடலைத் தந்தையின் துயரை உணர்ந்த மகள் வெளியிட்டதற்கும், அதே மடலைக் காட்சிப் பொருளாக்கிக் கட்டணம் தண்டுவதற்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று.

காவலரின் கடன்கள்

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், கைம்மடலைச் சேகரிப்பவர் அதன் உடைமையாளர் அல்லர், காவலரே என்பது போதரும். காவலர்க்கு உரிய கடன்கள் மூன்று. முதலாவது வாய்மை: தம்மிடமுள்ளது மெய்யானதுதானா, நேர்வழியில் வந்ததுதானா என இடைவிடாது வினவுதல், அன்று எனத் தெரியின் ஒப்புக்கொள்ளுதல். ஷால் இக்கடனில் தவறினார். மிச்சிகன் நூலகமும் ஹேவர்போர்ட் கல்லூரியும் நிறைவேற்றின. இரண்டாவது பகிர்வு: அறிவுக்குரியதை அறிவோர்க்குத் திறந்துவைத்தல். டார்வினின் மடல்களைத் தொகுக்கும் பணி 1974இல் தொடங்கி, ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடந்து, 15,000க்கும் மேற்பட்ட மடல்களை 30 தொகுதிகளில் உலகுக்கு வழங்கிற்று. எவருடைய பேழையில் இருந்தாலும் படியெடுத்துக்கொள்ள இசைந்தவர் பலர் இருந்தமையால்தான் அது கைகூடிற்று. மூன்றாவது அடக்கம்: மறைவானதைக் கையாளும்பொழுது, எழுதியவர் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ணி நடத்தல்.

செல்வர்க்கே உரிய இச்செய்தி பள்ளி மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் எதற்கு எனச் சிலர் கேட்கலாம். காவலராவதற்குச் செல்வம் வேண்டுவதில்லை. ஹேவர்போர்ட் கல்லூரியில் டேக்கார்ட்டின் மடல் கிடந்த அந்த நூறாண்டுகளில், 1979ஆம் ஆண்டு, தத்துவம் பயின்ற மாணவர் ஒருவர் அதனை எடுத்து மொழிபெயர்த்து, அதனைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். விலை கொடுத்தவர் அதனை வைத்திருந்தார். நன்கொடையாகப் பெற்றவர் அதனை வைத்திருந்தனர். அம்மாணவரோ அதனைப் படித்தார். மடலுக்கு உண்மையாக நேர்ந்த சிறப்பு எது என்பதை எவரும் உணரலாம்.

ஆசிரியர் ஒவ்வொருவர் இல்லத்திலும் பழைய மாணவர் எழுதிய மடல் ஒன்றேனும் இருக்கும். மாணவர் ஒவ்வொருவர் வீட்டிலும், தோட்டத்திலிருந்தோ தொலைவூரிலிருந்தோ பாட்டனார் எழுதிய தாள் ஒன்று பெட்டியின் அடியில் மடங்கிக் கிடக்கும். அவற்றை ஏலத்தில் எவரும் கேட்கப் போவதில்லை. ஆனால், வாய்மையும் பகிர்வும் அடக்கமும் அவற்றுக்கும் உரியனவே. கிரிக் தம் மகனிடம் வேண்டியது மடலைக் காத்து வைக்கவேண்டும் என்பதன்று. கருத்தூன்றிப் படித்து விளங்கிக்கொள்ளவேண்டும் என்பதே. விலை எவ்வளவு உயரினும், எழுதியவர் பெற்றவரிடம் கேட்ட கைம்மாறு அவ்வளவே. அதனைச் செலுத்துபவர் எவராயினும், தாள் அவர் கையில் இல்லாவிடினும், அம்மடல் ஒரு வகையில் அவர்க்கும் எழுதப்பட்டதாகும்.